சுட்டால் சுடும், சுடாவிட்டாலும் சுடும்

அமெரிக்காவில் மலிவு விலையில் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவனுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. கையில் 200 டாலர்தான் இருக்கிறது என்று வாய் திறந்தால் போதும். கடைக்காரர், மச்சான், பக்கத்து வீட்டு முன்னாள் ராணுவக்காரர், முடி திருத்துகிறவர் என்று ஆளுக்கொரு கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். எது சிக்கும், எது சிக்காது, எந்த மேகசினின் விளிம்பை இடுக்கியால் லேசாக வளைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றெல்லாம் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். அத்தனை ஞானமும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது: நம்பி வாங்கலாமா? விசையை இழுத்தால் வெடிக்குமா?

விசையை இழுக்காதபோது வெடிக்காமல் இருக்குமா என்ற கேள்வி அந்தச் சபையில் எழுவதே அபூர்வம். அதெல்லாம் கூடுதல் வசதி. 200 டாலருக்கு எல்லாமே கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படலாமா?

வாங்கியதும் முதல் வேலை, இருநூறு ரவுண்டு சுட்டுப் பழக்குவதாம். புதுசு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பாகங்கள் ஒன்றோடொன்று உரசி உரசித்தான் ராசியாகும். தோட்டா பாதி வழியில் நின்றாலும், சுட்ட காலிக்கூடு வெளியே போகாமல் வாசலில் செங்குத்தாக நின்றாலும் கலங்கக் கூடாது. தட்டி, இழுத்து, மறுபடி சுட வேண்டும். தோட்டாச் செலவு வாங்கியவனுடையது, விரலும் அவனுடையது. "புதுக் கார்தான் சார், முதல் இருநூறு தடவை பிரேக்கை மிதித்துப் பாருங்கள், எத்தனை தடவை நிற்கவில்லை என்று எண்ணி வையுங்கள்" என்று எந்தக் கார் வியாபாரியாவது சொன்னால் செருப்பு பறக்கும். துப்பாக்கிக் கடையில் அதையே சொன்னால், அனுபவசாலி என்று தலையாட்டுகிறார்கள்.

எல்லா மலிவுத் துப்பாக்கியும் சிக்குகிறது என்று நான் சொன்னால் அது பொய். ஒஹையோவில் தயாராகும் ஹை-பாயிண்ட் செங்கல் போல் கனக்கும், பார்க்கச் சகிக்காது, ஆனால் சுடும் என்று அதைக் கேலி செய்கிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு ஆயுள் உத்தரவாதமும் உண்டு. எத்தனாவது கைக்கு மாறியிருந்தாலும், கேள்வி கேட்காமல் பழுது பார்த்துத் தருகிறார்கள். யாருடைய ஆயுள் என்பதை மட்டும் நாம் கேட்கக் கூடாது.

நள்ளிரவில் கதவை உடைத்து வரப்போகும் திருடனுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். 2021ல் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். அந்த வீடுகளின் கதவை யாரும் உடைக்கவில்லை.

துப்பாக்கியைச் சோதித்துத்தான் விற்க வேண்டும் என்று சொன்ன சில மாநிலங்களும் உண்டு. கலிஃபோர்னியா 1999ல் சட்டம் போட்டு, 2001 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாடலிலும் மூன்று துப்பாக்கிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் 600 ரவுண்டு சுடுவார்கள். முதல் 20ல் ஒரு தடவைகூடச் சிக்கக் கூடாது. மொத்தம் 600ல் ஆறு தடவை வரை சிக்கலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டாலும் வெடிக்கக் கூடாது. இவ்வளவுதான் சோதனை. மேசையிலிருந்து கீழே விழுந்தால் தானாக வெடிக்காதே என்று ஒரு பொருளிடம் கேட்டதற்கு, அரசியல் சாசனமே ஆபத்தில் இருப்பதாகத் துப்பாக்கி ஆதரவாளர்கள் அலறினார்கள். தேறிய மாடல்களுக்கு ஒரு பட்டியல். போலீஸ்காரர்கள் வாங்கும் துப்பாக்கிக்கு அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் இந்தச் சோதனையும் கிடையாது. அங்கே ஜனங்கள்தான் சோதனைக்கூடம்.

இந்த மலிவுச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கூத்து. 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஐவர் ஜான்சன் என்ற .22 ரிவால்வர். மாசசூசெட்ஸில் செய்த, சுத்தமான உள்நாட்டுச் சரக்கு. நாடே கொதித்தது. அக்டோபரில் காங்கிரஸ் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு பெரிய அம்சம், மலிவான வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதிக்குத் தடை. நீளத்துக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு, சேஃப்டிக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, தேறினால்தான் துறைமுகத்தைத் தாண்ட முடியும். உள்நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தப் பரீட்சை இல்லை. கொன்றது மாசசூசெட்ஸ், தண்டனை ஜெர்மனிக்கு.

ஜெர்மனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முழுத் துப்பாக்கிக்குத்தானே தடை, உதிரி பாகத்துக்கு இல்லையே என்று ரோம் கம்பெனி பாகங்களை அனுப்பியது. மயாமியில் ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ் என்று பலகை மாட்டி, அவற்றைப் பூட்டி விற்றார்கள். உள்ளூர் புத்திசாலிகளும் சும்மா இருக்கவில்லை. 1970ல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் ரேவன் ஆர்ம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். எஃகைக் கடைந்து செய்தால் செலவு. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றினால் உள்ளங்கைக்குள் அடங்கும் பிஸ்டல் ரெடி. மகன் ஒரு கம்பெனி, மருமகன் ஒரு கம்பெனி, மகனின் சிநேகிதன் ஒரு கம்பெனி என்று ஆலமரமாக வளர்ந்தது குடும்பம். ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின். லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி இருந்த இந்தக் கூட்டத்துக்கு 'நெருப்பு வளையம்' என்று பெயர் வைத்து, 1994ல் காரன் வின்டமியூட் என்ற மருத்துவர் அறிக்கை எழுதினார். அப்போது நாட்டில் தயாரான கைத்துப்பாக்கிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்கள் செய்தவை. இறக்குமதியைத் தடுத்து உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது என்றால் இப்படி வளர்க்க வேண்டும்.

குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகள் எங்கே பிறந்தவை என்று தேடிய பட்டியல்களில் 90களில் இந்தப் பெயர்கள் முன்வரிசையில் நின்றன. அவமானம்தானே? 2003ல் காங்கிரஸ் அதற்கும் வழி கண்டது. அந்த விவரங்களைப் பொதுமக்களுக்குத் தரக் கூடாது என்று செலவின மசோதாவில் ஒரு வரியைச் சொருகிவிட்டது.

மலிவுத் துப்பாக்கி சிக்கும் என்று ஏளனம் செய்கிறவர்கள் 1981 மார்ச் 30ஐ மறந்துவிடுகிறார்கள். டாலஸில் ஒரு அடகுக் கடையில் 50 டாலருக்கும் குறைந்த விலையில் வாங்கிய ஆர்.ஜி. ரிவால்வர் அது. வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் இரண்டு வினாடிக்குள் ஆறு தோட்டாவையும் கக்கியது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஜனாதிபதி ரீகனை நேராக வந்த தோட்டா எதுவும் தொடவில்லை. காரில் பட்டுத் தெறித்த ஒன்று விலாவுக்குள் போனது. பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் நேராகவே பாய்ந்தது. அவர் அதன்பின் 33 வருஷம் அந்தக் காயத்தோடு வாழ்ந்து, 2014ல் இறந்தபோது, அதைக் கொலை என்றே மருத்துவ அதிகாரி பதிவு செய்தார். இவ்வளவு நீண்ட காலம் உழைத்த 50 டாலர் பொருள் வேறு எது இருக்கிறது?

அதே 1981ல் மேரிலாந்தில் ஒரு மளிகைக்கடைக் கொள்ளையில் ஊழியர் ஒருவரைச் சுட்டதும் ஆர்.ஜி. துப்பாக்கிதான். அவர் தொடுத்த வழக்கில், இந்த மாதிரி மட்டமான துப்பாக்கியைச் செய்கிறவனும் விற்கிறவனும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 1985ல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷம் ஆர்.ஜி. கடையைச் சாத்தியது. தீர்ப்பு எங்கே பரவிவிடுமோ என்ற கலக்கம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1988ல் மாநிலச் சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டு அந்தப் பொறுப்பை நீக்கிவிட்டு, எதை விற்கலாம் என்ற பட்டியல் ஒன்றைத் தொங்கவிட்டது. செய்தவன் தப்பித்தான், பட்டியல் பிழைத்தது.

சட்டங்களுக்கு மலிவுத் துப்பாக்கி மேல் கோபம் வருவதுண்டு. வரும் திசைதான் வேறு. 1879ல் டென்னசி மாநிலம், ராணுவமும் கடற்படையும் வைத்திருக்கும் ரகத்தைத் தவிர வேறு கைத்துப்பாக்கியை விற்கக் கூடாது என்றது. 1881ல் ஆர்க்கன்சா அதைக் காப்பியடித்தது. ராணுவ ரகக் கோல்ட் ரிவால்வர் விலை உயர்ந்தது. உள்நாட்டுப் போரில் தோற்றுத் திரும்பிய வெள்ளைக்காரர்களின் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஏறக்குறைய பதினைந்து வருஷமே ஆன கறுப்பு விவசாயிக்கு வாங்க முடிந்தது மலிவு ரகம் மட்டும். அதுதான் சமூகத்துக்கு ஆபத்து என்று கண்டுபிடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இன்னும் விஞ்ஞானபூர்வமாகப் போனார்கள். இல்லினாய், தென் கரோலினா, மின்னசோட்டா மாநிலங்கள் துப்பாக்கியின் உலோகம் எத்தனை டிகிரியில் உருகும் என்பதைச் சட்டத்தில் எழுதின. இல்லினாயிலும் தென் கரோலினாவிலும் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், மின்னசோட்டாவில் 1,000 டிகிரிக்குள் உருகினால் தீயது. உருகாவிட்டால் உத்தமமானது. நெற்றியில் துளைத்த தோட்டா எத்தனை டிகிரி உலோகத்திலிருந்து வந்தது என்று பிணத்துக்குத் தெரியுமா?

அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டபோது மட்டும் மலிவு இனித்தது. 1942ல் ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குத் தொழிற்சாலையில் தகடு மடித்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் சுடும் பிஸ்டல் பத்து லட்சம் செய்தார்கள். ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு டாலர் அடக்கம். எதிரி பிடித்துவைத்திருந்த தேசங்களில் எதிர்த்துப் போராடுகிறவர்களின் கையில் கொடுப்பதற்காக.

இனி சட்டத்தின் அழகைப் பாருங்கள். 1972ல் அமெரிக்கா நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கியது. தொட்டில், பொம்மை, ஏணி, ஹேர் டிரையர் என்று வீட்டுக்குள் வரும் சாமான்களை அது கண்காணிக்கலாம், கோளாறு என்றால் திரும்பப் பெறச் செய்யலாம். துப்பாக்கிக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கை எழுதிய விதத்தை ரசிக்க வேண்டும். உள்நாட்டு வரிச்சட்டத்தில் ஒரு பிரிவின் கீழ் வரி கட்டும் பொருள் எதுவும் நுகர்வோர் பொருள் ஆகாது என்றார்கள். அந்தப் பிரிவு துப்பாக்கிக்கும் தோட்டாவுக்குமான வரி. கைத்துப்பாக்கிக்குப் பத்து சதவீதம். அந்தப் பணம் காட்டு விலங்குகளின் பாதுகாப்புக்குப் போகிறது. ஆக, மானுக்குப் பங்கு கொடுத்துவிட்டால் மனுஷனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1976ல் காங்கிரஸுக்கு மறுபடி ஒரு சந்தேகம் வந்து, துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்தும் எந்த உத்தரவும் ஆணையம் போடக் கூடாது என்று பூட்டுக்கு மேல் பூட்டு போட்டது.

பொம்மைத் துப்பாக்கிக்கு விதி இருக்கிறது. முனையில் ஆரஞ்சு நிறம் இருந்தாக வேண்டும் என்று 1988ல் சட்டம் இயற்றினார்கள். நிஜத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. 2014ல் க்ளீவ்லாந்தில் ஆரஞ்சு முனை இல்லாத பொம்மையோடு பூங்காவில் நின்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவனை, வந்து இறங்கிய இரண்டு வினாடியில் போலீஸ் சுட்டுக் கொன்றது. போலீஸின் துப்பாக்கி நம்பகமானது.

கோளாறான துப்பாக்கியைத் திரும்பப் பெறு என்று உத்தரவிட மத்திய அரசில் யாருக்கும் அதிகாரம் இல்லாததால், அந்த வேலையையும் வழக்குப் போடுகிறவன்தான் செய்ய வேண்டியிருக்கிறது. 2013ல் அயோவாவில் ஒரு துணை ஷெரிஃப், சந்தேக நபரைத் துரத்தி ஓடும்போது இடுப்பிலிருந்த டாரஸ் பிஸ்டல் கீழே விழுந்து வெடித்தது என்று வழக்குத் தொடுத்தார். தோட்டா ஒரு காரில் பாய்ந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. 2015ல் சமரசம். ஒன்பது மாடல், சுமார் பத்து லட்சம் பிஸ்டல், அதிகபட்சம் 39 மில்லியன் டாலர். கம்பெனி தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்புகிறவருக்கு 200 டாலர் வரை கிடைக்கும் என்றார்கள். அனுப்பாத பிஸ்டல்கள் அலமாரியிலும் கைப்பையிலும் குழந்தைகளின் உயரத்திலும் இருக்கும்.

1994 ஏப்ரலுக்கு வருவோம். வடக்கு கலிஃபோர்னியாவில் ஒரு வீடு. பிரைகோ கம்பெனியின் மாடல் 38 என்ற .380 பிஸ்டல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி வேண்டாமே என்று, இருபது வயதுக் குடும்ப நண்பர் ஒருவர் தோட்டாவை வெளியே எடுக்கப் பார்த்தார். அந்த நாட்டில் அன்றைக்கு யாராவது செய்த பொறுப்பான காரியங்களில் அதுவும் ஒன்று. சேஃப்டி போட்டபடியே ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை எடுப்பதுதான் பத்திரமான முறை. இந்த மாடலில் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு அசையாது. ஆகவே தோட்டாவை எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியை விடுவிக்க வேண்டும். விடுவித்தார். வெடித்தது. எதிரே இருந்த ஏழு வயதுப் பையனின் தாடை வழியே போய்க் கழுத்தெலும்பைத் தாக்கியது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது.

ஏன் அப்படி வடிவமைத்தார்கள் என்பது பின்னால் நடந்த வழக்கில் வெளிவந்தது. ஆரம்பத்தில் சேஃப்டி போட்டபடியே ஸ்லைடை இழுக்க முடிந்தது. ஆனால் அப்படி இழுத்தால் தோட்டா சிக்கியது. சிக்குகிற கோளாறைச் சரிசெய்யச் செலவாகும், சிக்குகிற துப்பாக்கி என்றால் விற்காது. அதனால் சேஃப்டி போட்டிருக்கும்போது ஸ்லைடை யாரும் இழுக்கவே முடியாதபடி பூட்டிவிட்டார்கள். கோளாறு மறைந்தது. தோட்டா சிக்கக் கூடாது என்பதற்காக ஒரு குழந்தையைச் சிக்க வைத்தார்கள். கடையில் "நம்பலாமா?" என்று கேட்டவனுக்கு இவர்கள் தயாரித்த பதில் இது.

அதே 1994 ஜூலையில்தான் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஒன்றிரண்டு டாலர் சிகரெட் லைட்டரை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளால் பற்றவைக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லைட்டர் கம்பெனிகள் செய்தன. உலகம் அழியவில்லை. யாருடைய சுதந்திரமும் பறிபோகவில்லை.

அந்தப் பையனின் வழக்கில் 2003ல் ஓக்லாந்து ஜூரி, வடிவமைப்பே கோளாறு என்றது. கம்பெனியும் அதன் முதலாளி புரூஸ் ஜென்னிங்ஸும் கூட்டாளிகளும் தர வேண்டிய பங்கு சுமார் 24 மில்லியன் டாலர். தீர்ப்பின் மை காய்வதற்குள் திவால் மனு போனது. அந்த வட்டாரத்தில் இது பழகிய வழி. லார்சின் 1996லும் டேவிஸ் 1999லும் போன பாதைதான். துத்தநாகத் துப்பாக்கிகளில் எது வேண்டுமானாலும் சிக்கியிருக்கலாம். திவால் சட்டம் மட்டும் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

2004ல் கம்பெனியின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. அச்சுகள், இயந்திரங்கள், பூட்டப்படாத ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளின் பாகங்கள். சக்கர நாற்காலியில் இருந்த அந்தப் பையனுக்கு அப்போது 17 வயது. நன்கொடை திரட்டி ஏலத்தில் கேட்டான். வாங்கி, எல்லாவற்றையும் உருக்கிவிடுவதாகச் சொன்னான். ஐந்து லட்சம் டாலர் வரை ஏறினான். பிரைகோவின் பழைய ஃபோர்மேன் 5,10,000 டாலர் கேட்டார். சட்டம் கூடுதலாகக் கேட்டவருக்குக் கொடுத்தது. அவர் தன் பெயரிலேயே ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் என்று கம்பெனியின் பெயரை மாற்றிக்கொண்டு, பின்னால் நெவாடாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அடுத்த வருஷம், 2005 அக்டோபரில், ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம் துப்பாக்கித் தொழிலுக்குக் கவசம் மாட்டியது. யாரோ செய்த குற்றத்துக்குத் தயாரிப்பாளர் மேல் வழக்கு கூடாது. வடிவமைப்புக் கோளாறுக்கு வழக்குப் போடலாம் என்று ஒரு வாசல் விட்டார்கள். சுட்டவனின் செயல் குற்றம் என்றால் அந்த வாசலும் அடைப்பு. இல்லினாயில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், மேகசினைக் கழற்றிவிட்டோமே, தோட்டா இல்லை என்று நம்பி விளையாட்டாக விசையை இழுக்க, துப்பாக்கியின் அறைக்குள் தங்கியிருந்த ஒரு தோட்டா அவன் நண்பனைக் கொன்றது. அது மலிவுச் சரக்குகூட இல்லை, அப்பாவின் பெரெட்டா. சிறுவனின் செயல் குற்றம், ஆகவே கம்பெனி மேல் வழக்கு நிற்காது என்று 2009ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிமூன்று வயதுப் பையன் பொறுப்பாளி. கம்பெனி குழந்தை.

2020 ஜனவரியில் கன்சாஸ் சிட்டி நகராட்சி ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் மேல், தன் துப்பாக்கிகள் கடத்தலுக்குப் போவதைக் கண்டும் காணாமல் இருந்ததாக வழக்குத் தொடுத்தது. பிப்ரவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதே வருஷத்தில் அதே மனிதருக்கு ஜே.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற புதுப் பெயரில் மத்திய அரசு துப்பாக்கி தயாரிக்க உரிமம் கொடுத்தது. அந்த விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியது ஒரு புகைப்படம், ஒரு கைரேகை அட்டை, 150 டாலர் கட்டணம். ஹிமெனெஸ் பிஸ்டல் ஒன்றின் விலையும் ஏறக்குறைய அவ்வளவாகத்தான் இருந்தது.